ஐரிஷ் மொழிக்குத் தமிழ்வழி: புதிதாகத் தொடங்குவோருக்கு

அயர்லாந்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்குகிறவர்கள் ஐரிஷ் மொழியை முதலில் சந்திப்பது எழுத்தில்தான். விமான நிலையப் பலகை, பஸ்ஸின் நெற்றி, தபால் நிலையம், பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம் என்று எங்கும் ஆங்கிலத்தோடு ஒரு வரி ஐரிஷ் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் எழுத்துக்கூட்டைப் பார்த்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம் என்று சொல்ல என்னிடம் வலுவான ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் போனால் விதிவிலக்குகளாகக் குவிகிற இந்த மொழி, தமிழிலிருந்து நேராகப் போனால் பல இடங்களில் நாம் வீட்டில் பேசுகிற மாதிரியே இருக்கிறது. அந்த நேர்வழியில்தான் இங்கே போகப்போகிறோம்.

தொடங்கும் முன் மொழியின் நிலைமையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊர்க்காரர்கள் தம் மொழியைக் 'கேல்கெ' என்பார்கள். 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதை நாட்டின் முதல் ஆட்சிமொழி என்கிறது, ஆங்கிலம் இரண்டாவதுதான். 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளிலும் ஒன்று. ஆனால் தெருவில் கேட்பது ஆங்கிலம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேச முடியும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர், அதாவது நூற்றுக்கு நாற்பது பேர். பள்ளி கல்லூரிக்கு வெளியே நாள்தோறும் பேசுகிறோம் என்றவர்கள் 71,968 பேர் மட்டுமே. நீங்கள் சந்திக்கப்போகும் ஐரிஷ்காரர்களில் மிகப் பலர் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்பவர்கள். பள்ளியில் 13, 14 ஆண்டுகள் படித்திருப்பார்கள். மொழியின்மீது பாசம் இருக்கும். வாய் திறக்கக் கூச்சப்படுவார்கள்.

இந்த நிலைமைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் ஐரிஷ் பேசிய மேற்குக் கரை ஏழைகளைத்தான் மிகக் கொடூரமாகத் தாக்கியது. செத்தவர்கள் போக, பிழைத்தவர்கள் கப்பலேறினார்கள். கப்பலேறப்போகும் பிள்ளைக்கு ஆங்கிலம்தான் சோறு போடும் என்று பெற்றோர் நினைத்தார்கள், வீடுகளில் ஐரிஷ் தேய்ந்துபோனது. அதனால்தான், வெளியூர்க்காரர் ஒருவர் வலிந்து இரண்டு சொல் ஐரிஷ் பேசினால் இங்கே முகங்கள் அப்படி மலர்கின்றன. குடியுரிமைக்கு மொழித் தேர்வு எதுவும் கிடையாது. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை, விரும்பிப் படிக்கலாம்.

ஒலி பற்றி ஒரு குறிப்பு. ஐரிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். த என்று எழுதியிருப்பதை எப்போதும் 'தம்பி'யின் த போல வலித்துச் சொல்லுங்கள். ட என்று எழுதியிருப்பதை 'வண்டி'யின் ட போல மெலித்துச் சொல்லுங்கள். க, ப இரண்டும் சொல்லுக்குச் சொல் மாறும். கேல்கெ என்பதில் வரும் இரண்டு ககரமுமே 'தங்க'த்தில் வருவது போல மெலியும். எந்தச் சொல்லையும் நாக்கில் ஏற்றிக்கொள்ளும் முன் 'த்யாங்லன்' என்னும் இலவச இணைய அகராதியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மூன்று வட்டார உச்சரிப்பிலும் ஒலிப்பதிவு வைத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்து ஊன்றுகோல்தான், காதுதான் ஆசான்.

படி 1: ஒரு வட்டார வழக்கைத் தேர்ந்தெடுங்கள்

ஐரிஷுக்கு 1958இல் வெளியான அதிகாரபூர்வ எழுத்து வழக்கு உண்டு. ஆனால் பேச்சுக்கு அப்படி ஒரு பொது வழக்கு கிடையாது. தெற்கே மன்ஸ்டர், மேற்கே கானக்ட், வடக்கே அல்ஸ்டர் என்று மூன்று பெரும் வழக்குகள். 'எப்படி இருக்கிறாய்?' என்ற ஒரே கேள்வி மூன்று இடத்திலும் மூன்று விதம்:

கெர்ரி, கார்க் பக்கம்: கொனஸ் அத்தா தூ?
கால்வே, மேயோ பக்கம்: கே ஹீ வில் தூ?
டொனிகால், பெல்ஃபாஸ்ட் பக்கம்: கஜே மார் அத்தா தூ?

கோயம்புத்தூர்க்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் பேசிக்கொள்வது போல இவர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள். ஆனால் புதிதாகப் படிப்பவர் மூன்றையும் கலந்தால் குழம்புவார். நீங்கள் கால்வேயில் இருந்தால் கானக்ட் வழக்கு, டொனிகாலில் இருந்தால் அல்ஸ்டர் வழக்கு, அவ்வளவுதான். டப்ளினில் இருப்பவர்கள் எதையும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை பள்ளிக்குப் போகிறது என்றால் பிள்ளையின் டீச்சர் பேசுவதையே எடுத்துக்கொள்வது உத்தமம். இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் மேற்கத்திய ஒலியையே தருகிறேன்.

படி 2: மனிதர்களின் பெயர்களிலிருந்து எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

எழுத்து விதிகளை அட்டவணையாக மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கருத்து. உங்கள் அலுவலகத்திலும் வார்டிலும் இருக்கும் பெயர்களே போதும்.

எஸ், ஐ, ஓ, பி (B), ஹெச், ஏ, என் என்று எழுதியிருக்கும் பெண்ணின் பெயர் ஷிவான். இதிலேயே இரண்டு விதிகள் வந்துவிட்டன. எஸ் எழுத்துக்குப் பக்கத்தில் இ, எ போன்ற உயிர் இருந்தால் அது 'ஷ' ஆகும். பி-யோடு ஹெச் சேர்ந்தால் 'வ' ஆகும். என், ஐ, ஏ, எம், ஹெச் என்று எழுதினால் நீவ். எம்-மோடு ஹெச் சேர்ந்தாலும் அதே 'வ'தான். ஏ, ஓ, ஐ மூன்றும் சேர்ந்து நின்றால் 'ஈ'. ஈஃபா, கீவா என்ற பெயர்களும், பிரதமரைக் குறிக்கும் 'டீஷக்' என்ற சொல்லும் எழுத்தில் அப்படித்தான் இருக்கும். டீஷக் மட்டும் பழகிய வழக்கால் மெலித்து எழுதியிருக்கிறேன். ஐரிஷ்காரர் வாயில் அது 'தீஷக்'.

அடுத்தது உயிரெழுத்தின் மேல் சாய்ந்து நிற்கும் கோடு. அதற்குப் பெயர் 'ஃபாடா'. நீளம் என்று பொருள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அது அலங்காரம் மாதிரித் தெரியும். நமக்கோ அது குறில், நெடில் வேறுபாடு. கல் வேறு, கால் வேறு என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'ஷன்' என்றால் பழைய. கோடு போட்டு 'ஷான்' என்றால் ஒருவரின் பெயர். 'ஃபார்' என்றால் ஆண். கோடு போட்டு 'ஃபேர்' என்றால் புல். கோட்டை விட்டுவிட்டு எழுதினால் அது எழுத்துப் பிழை. பெயரில் ஃபாடா உள்ளவர்களுக்கு அது தவறாமல் எழுதப்படுவது மனத்துக்கு நெருக்கமான விஷயம். மின்னஞ்சலில் அவர்கள் பெயரை எழுதும்போது நகலெடுத்து ஒட்டியாவது கோட்டோடு எழுதுங்கள்.

இன்னொரு பழக்கமும் நமக்குச் சாதகம். 'ஃபிலிம்' என்று நடுவில் ஓர் உயிரைச் செருகிச் சொல்லும் நம் நாக்கை ஆங்கில ஆசிரியர்கள் திருத்துவார்கள். ஐரிஷில் அதுதான் சரியான உச்சரிப்பு முறை. 'பெயர்' என்பதற்கான சொல்லை எழுதும்போது என், எம் ஒட்டி நிற்கும், வாயில் 'அனிம்'. நீலம் 'கொரம்', 'என்மேல்' என்பது 'ஓரம்'. ஐரிஷ்காரர்கள் ஆங்கிலம் பேசும்போதும் 'ஃபிலம்' என்று சொல்வதைக் கேட்பீர்கள்.

படி 3: வணக்கம், நன்றி, விடைபெறுதல்

ஒருவரைப் பார்த்ததும் சொல்வது 'டியா க்விச்'. கடவுள் உன்னோடு என்று பொருள். பதிலுக்கு 'டியா ஸ் முய்ரெ க்விச்' என்பார்கள்: கடவுளும் மரியாளும் உன்னோடு. மதம் எதுவானாலும் இதைச் சொல்லலாம், இன்று அது வெறும் வணக்கமே. காலையில் 'மாஜின் வா', இரவில் 'ஈஹெ வா'.

நன்றி சொல்ல 'கு ரெவ் மா அகத்'. 'உன்னிடம் நன்மை இருக்கட்டும்' என்ற வாழ்த்துதான் நன்றியாக நிற்கிறது. தயவுசெய்து என்பதற்கு 'லெ டு ஹுல்'. வரவேற்பு 'ஃபால்ச்செ'. மன்னிக்கவும், கொஞ்சம் வழிவிடுங்கள் என்பதற்கு 'கவ் மு லெஷ்கேல்'. பரவாயில்லை என்பதற்கு 'நா பாக்'. சரி, ஆகட்டும் என்பதற்கு 'க்யார்த் கு லோர்'. பிள்ளையைப் பாராட்ட 'மா ஹூ'.

விடைபெறுவதில் அழகான ஒரு நுணுக்கம் உண்டு. கிளம்புகிறவரைப் பார்த்து இருப்பவர் 'ஸ்லான் லாத்' என்பார். இருப்பவரைப் பார்த்துக் கிளம்புகிறவர் 'ஸ்லான் அகத்' என்பார். 'போயிட்டு வாங்க', 'போயிட்டு வரேன்' என்று ஆளுக்கொரு வாக்கியம் வைத்திருக்கும் நமக்கு இது இயல்பாகப் பிடிபடும். வீடு போகிறவரிடம் 'ஸ்லான் அவால்யெ', பத்திரமாக வீடு போய்ச் சேர் என்று சொல்வார்கள். சிற்றூர்களை விட்டு வெளியேறும் சாலையோரப் பலகைகளிலும் இதைப் பார்க்கலாம்.

மரியாதைப் பன்மை பற்றி ஒரு எச்சரிக்கை. 'தூ' ஒருமை, 'ஷிவ்' பன்மை. ஆனால் ஷிவ் பலரைக் குறிக்க மட்டுமே. ஒரே பெரியவரை மரியாதையாக அழைப்பதற்கு அல்ல. எண்பது வயதுப் பாட்டியிடமும் 'தூ'தான். நமக்கு முதலில் வாய் கூசும்; பழகிக்கொள்ள வேண்டியதுதான். பலருக்குச் சேர்த்து நன்றி சொல்லும்போது மட்டும் 'கு ரெவ் மா அகிவ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: 'எனக்கு', 'என்னிடம்', 'என்னால்'

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். இங்கே செலவிடும் வாரங்கள் பிறகு மாதங்களை மிச்சப்படுத்தும்.

ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்ற வினைச்சொல் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஐரிஷில் அப்படி ஒரு வினைச்சொல்லே கிடையாது. தமிழிலும் கிடையாது. 'என்னிடம் கார் இருக்கிறது' என்கிறோம். அவர்கள் 'தா கார் அகம்' என்கிறார்கள். தா என்றால் இருக்கிறது, அகம் என்றால் என்னிடம். வரிசைதான் தலைகீழ். தமிழில் வினை கடைசியில் நிற்கும், ஐரிஷில் முதலில் நிற்கும். உங்கள் தமிழ் வாக்கியத்தைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் பல சமயம் ஐரிஷ் வாக்கியத்தின் அருகே போய்விடுவீர்கள்.

உடம்புக்கும் மனத்துக்கும் நேர்வதை ஐரிஷ் 'என்மேல்' என்று சொல்லும். நாம் 'எனக்கு' என்போம்.

எனக்குப் பசிக்கிறது: தா ஒக்ரஸ் ஓரம்.
எனக்குத் தாகமாக இருக்கிறது: தா தார்த் ஓரம்.
எனக்குக் களைப்பாக இருக்கிறது: தா தூர்ஷெ ஓரம்.
எனக்கு மகிழ்ச்சி: தா ஆஹஸ் ஓரம்.
எனக்கு ஜலதோஷம்: தா ஸ்லைடான் ஓரம்.
எனக்கு வருத்தம்: தா ப்ரோன் ஓரம்.

கடைசி வாக்கியம்தான் மன்னிப்புக் கேட்பதற்கும் பயன்படுகிறது. பசியும் சோகமும் நான் செய்பவை அல்ல, எனக்கு நேர்பவை என்று இரண்டு மொழிகளுமே கருதுகின்றன. ஆங்கிலம் பேசும் மாணவர் இந்த 'என்மேல்' விஷயத்தை ஏற்றுக்கொள்ளவே நாளாகும். உங்களுக்கு ஒரு பிற்பகல் போதும்.

பிடித்தலும் முடிதலும் 'என்னோடு' சேர்ந்து வரும். 'இஸ் மா லும் தே' என்றால் எனக்குத் தேநீர் பிடிக்கும். தே என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டாம், அது நம் தேயிலையின் அதே தே. பிடிக்காது என்றால் 'நீ மா லும்'. கடையில் கேட்கும்போது 'பா வா லும் கஃபே, லெ டு ஹுல்': எனக்குக் காபி வேண்டும், தயவுசெய்து. என்னால் முடியும் என்பது 'இஸ் ஃபேஜிர் லும்'. இந்த 'லும்' துணையையும் கருவியையும் ஒருசேரக் காட்டும். அதனால்தான் 'எனக்கு' என்றும் 'என்னால்' என்றும் இடத்துக்கேற்பத் தமிழில் வருகிறது.

எனக்குத் தெரியாது என்பதற்கு 'நீல் இஸ் அகம்'. எனக்குக் கொஞ்சம் ஐரிஷ் தெரியும் என்பதற்கு 'தா பிகான் கேல்கெ அகம்'. மொழியும் அறிவும்கூட நம்மிடம் இருப்பவைதான், பாருங்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை இந்த மூன்று வரிசைகள் மட்டும். என்னிடம், உன்னிடம், அவனிடம், அவளிடம், எங்களிடம், உங்களிடம், அவர்களிடம் என்ற வரிசையில்: அகம், அகத், எகெ, எகி, அகின், அகிவ், அக்கு. 'மேல்' வரிசை: ஓரம், ஒர்த், எர், எர்ஹி, ஒரின், ஒரிவ், ஒர்ஹு. 'ஓடு' வரிசை: லும், லாத், லெஷ், லேய், லின், லிவ், லோ. வேற்றுமை உருபு பிரதிப்பெயரோடு உருகி ஒரே சொல்லாகிவிடுகிறது, 'என்னிடம்' போலவே. நாம், நாங்கள் என்ற வேறுபாடு மட்டும் அவர்களிடம் இல்லை.

படி 5: ஆமாம், இல்லை என்று சொல்லாமல் பதில் சொல்வது

ஐரிஷில் 'ஆமாம்' என்பதற்குத் தனிச்சொல் இல்லை. 'இல்லை' என்பதற்கும் இல்லை. கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். 'சாப்பிட்டியா?' என்றால் 'சாப்பிட்டேன்' என்று நாம் சொல்வோமே, அதுதான்.

அன் வில் ஒக்ரஸ் ஒர்த்? பசிக்குதா?
தா. பசிக்குது.
நீல். இல்லை.

அன் டிகன் தூ? புரியுதா?
திகிம். புரியுது.
நீ ஹிகிம். புரியலை.

இந்தப் பழக்கம் இவர்களுடைய ஆங்கிலத்திலும் இறங்கியிருக்கிறது. 'யெஸ்' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல் 'ஐ ஆம்', 'ஐ டிட்' என்று பதில் வரும். அதே போல 'ஐ ஆம் ஆஃப்டர் மிஸ்ஸிங் த பஸ்' என்று ஒரு சக ஊழியர் சொன்னால் அவர் பஸ்ஸைத் துரத்திக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போதுதான் பஸ்ஸைத் தவறவிட்டார் என்று பொருள். ஐரிஷின் 'தா மே தர் ஏஷ்' என்ற வாக்கிய அமைப்பு ஆங்கில உடை போட்டு வந்திருக்கிறது. ஒரு சொல்கூட ஐரிஷ் பேசாதவருக்கும் இந்த அமைப்புகளைத் தெரிந்துகொள்வது அலுவலகத்தில் உதவும்.

படி 6: சொல்லின் தலை மாறுவதைக் கண்டு பயப்படாதீர்கள்

மேலே உள்ள புரிதல் உரையாடலை மறுபடி பாருங்கள். ஒரே வினை, 'திகிம்' என்று த-வில் தொடங்கியது. கேள்வியில் 'டிகன்' ஆனது. மறுப்பில் 'ஹிகிம்' ஆனது. ஐரிஷ் படிக்கும் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இது. அகராதியில் தேடினால் சொல் கிடைக்காது, ஏனென்றால் தலையெழுத்தே மாறிப்போயிருக்கும்.

தமிழர்கள் இங்கே நிதானமாக யோசிக்க வேண்டும். நம் க என்ற ஒரே எழுத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள்: கண், தங்கம், மகன். சொல்லின் தொடக்கத்தில் வல்லொலி. மூக்கொலிக்குப் பின் மெலிகிறது. இரண்டு உயிர்களுக்கு நடுவில் தளர்ந்து, பலர் வாயில் ஹகரத்தின் சாயலுக்கே போய்விடுகிறது. ஐரிஷில் நடப்பதும் இதுவே, ஆனால் சொல்லுக்குள் அல்லாமல் சொற்களின் சந்திப்பில். மிகப் பழைய காலத்தில் முந்தைய சொல் மூக்கொலியில் முடிந்திருந்தால் அடுத்த சொல்லின் தலை மெலிந்தது. இதை 'உரூ' என்பார்கள். முந்தைய சொல் உயிரில் முடிந்திருந்தால் தளர்ந்தது. இதை 'ஷேவூ' என்பார்கள். பிற்காலத்தில் அந்த இறுதி ஒலிகள் தேய்ந்து போயின, விளைவு மட்டும் தங்கிவிட்டது. புணர்ச்சி என்று பள்ளியில் படித்தோமே, அதன் ஓர் உறவு இது.

எழுத்தில் அடையாளம் காண்பது எளிது. தலையெழுத்தை அடுத்து ஹெச் வந்தால் ஷேவூ. சொல்லத் தோதுப்படாத இரண்டு மெய்கள் தலையில் நெருங்கி நின்றால் உரூ. அதில் முதலெழுத்தை மட்டும் ஒலியுங்கள். ஜி, சி சேர்ந்து நின்றால் ஜி மட்டும். எம், பி சேர்ந்து நின்றால் எம் மட்டும். கார்க் நகரம் 'கோர்கி'. கார்க்கில் என்றால் முதல் ககரம் 'தங்க'த்தின் ககரமாக மெலியும். கால்வே நகரம் 'கல்யிவ்'. கால்வேயில் என்றால் மட்டும் என், ஜி இரண்டும் கலந்து 'இ ஙல்யிவ்' ஆகும். ஙகரத்தைச் சொல்லின் தலையில் வைத்துச் சொல்ல ஐரோப்பியர்கள் திணறுவார்கள். நமக்கு அந்த ஒலிக்குத் தனி எழுத்தே இருக்கிறது.

எங்கே வசிக்கிறாய் என்று கேட்க: கா வில் தூ இ டு ஹோனி? பதில்: தா மே இ மு ஹோனி இ ஙல்யிவ். எந்த நாடு என்பதற்கு 'இஸ் அஸ் அன் இண்டியா மே' அல்லது 'இஸ் அஸ் ஸ்ரீ லங்கா மே'. பெயர் கேட்டால் 'இஸ் மிஷெ' என்று சொல்லி உங்கள் பெயரைச் சேருங்கள்.

விளி வேற்றுமையும் உண்டு. முருகனை அழைத்தால் முருகா ஆவது போல, மாரெ என்பவரை அழைக்கும்போது 'அ வாரெ' ஆகும். ஷேமஸ் 'அ ஹேமிஷ்' ஆவார். ஸ்காட்லாந்தில் ஹேமிஷ் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்களே, அது இதே பெயரின் அங்குள்ள விளிவடிவம் பெயராகவே நின்றுவிட்டது. அரசு அலுவலகக் கடிதங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் 'அ ஹரா' என்று தொடங்குவதுண்டு. நண்பரே என்று பொருள். முடிவில் 'இஸ் மிஷெ லெ மாஸ்', மரியாதையுடன் நான், என்று இருக்கும்.

இந்த மாற்றங்களில் தவறு செய்தால் பேச்சு புரியாமல் போய்விடாது. முதல் சில மாதங்கள் அடையாளம் காண மட்டும் பழகுங்கள். பேச்சில் தானாக வரும்.

படி 7: தெருப் பலகைகள்

இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை. பஸ்ஸில் 'அன் லார்' என்றிருந்தால் நகரின் மையத்துக்குப் போகிறது. டப்ளினின் ட்ராம் 'லூஅஸ்', வேகம் என்று பொருள். போலீஸ் 'கார்டா', காவலர், பன்மை 'கார்டீ'. நாடாளுமன்றத்தின் கீழவை 'டால்', துணைப் பிரதமர் 'தானிஷ்டெ'. 'ஷ்லீ அமாஹ்' வெளியே போகும் வழி, 'கேல் ஷ்லீ' வழிவிடு, 'ஸ்கொல்' பள்ளிக்கூடம், 'டூன்தா' மூடியிருக்கிறது, 'ஒஸ்கல்ச்செ' திறந்திருக்கிறது. 'ஸ்லான்ச்செ' என்றால் உடல்நலம். மருத்துவத் துறையின் பெயரிலும் அதே சொல், மதுக்கோப்பையை உயர்த்தும்போதும் அதே சொல்.

கழிப்பறைக் கதவை மட்டும் கவனமாகப் படியுங்கள். எஃப் எழுத்தில் தொடங்கும் 'ஃபிர்' ஆண்களுக்கு. எம், என், ஏ என்று எழுதியிருக்கும் 'ம்னா' பெண்களுக்கு. ஆங்கிலப் பழக்கத்தில் எஃப் என்றால் பெண், எம் என்றால் ஆண் என்று கண் தானாக முடிவுசெய்துவிடும்.

ஐரிஷ் இன்றும் ஊர்ப்பேச்சாக இருக்கும் பகுதிகளுக்குக் 'கேல்தக்த்' என்று பெயர். டொனிகால், மேயோ, கால்வே, கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்ட், மீத் ஆகிய ஏழு மாவட்டங்களில் அவை இருக்கின்றன. அங்கே ஊர்ப்பெயர்ப் பலகைகள் ஐரிஷில் மட்டுமே இருக்கும். டிங்கிளுக்குக் கார் ஓட்டிப் போகிறவர்கள் 'அன் டாங்கன்' என்ற பெயரையும் தெரிந்துவைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

படி 8: பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வீடு

பள்ளியில் ஐரிஷ் கட்டாயப் பாடம். 12 வயது நிறைந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் பிள்ளைக்கு விலக்குக் கேட்க வழி இருக்கிறது. அதற்குக் கீழ் உள்ளவர்கள் படிக்கத்தான் வேண்டும், படிப்பதே நல்லதும்கூட. ஏற்கெனவே இரண்டு மொழிகளில் புழங்கும் பிள்ளைகள் மூன்றாவதை அலட்டிக்கொள்ளாமல் ஏற்றுக்கொள்வார்கள். சுமை என்று பெற்றோர் வீட்டில் முணுமுணுத்தால்தான் அது சுமையாகும்.

ஆசிரியர் 'மூயின்ச்சோர்', வகுப்பு 'ரங்', பை 'மாலா', வீட்டுப்பாடம் 'ஒபர் வால்யெ'. அயர்லாந்தில் படித்த எவரையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்வார்கள்: 'அன் வில் க்யாட் அகம் டுல் கு ஜீ அன் லெஹ்ரஸ்?' கழிப்பறைக்குப் போக எனக்கு அனுமதி இருக்கிறதா? பல வகுப்புகளில் இப்படிக் கேட்டால்தான் அனுமதி கிடைக்கும். முதல் நாளுக்கு முன்பே இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

எண்களைப் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள்: அ ஹேன், அ டோ, அ த்ரீ, அ கஹிர், அ கூயிக், அ ஷே, அ ஷக்த், அ ஹொக்த், அ நீ, அ டெஹ். மனிதர்களை எண்ணத் தனி வரிசை இருக்கிறது. ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர் என்று நாம் எண்ணுகிறோமே, அதே முறை: டினெ, பெர்ச், த்ரூர், கஹ்ரர், கூயிகர், ஷெஷர், ஷக்தர், ஒக்தர், நீனூர், டெஹ்னூர். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் 'பெர்ச்' என்று சொல்லுங்கள், இருவர். 'டோ' என்று சொன்னால் பொருள்களை எண்ணுவது போலாகிவிடும்.

கிழமைப் பெயர்களில் ஒரு பழைய வாழ்க்கைமுறை ஒளிந்திருக்கிறது. புதன் 'டே கேடீன்', முதல் நோன்பு. வெள்ளி 'டே ஹீன்யெ', நோன்பு. நடுவில் உள்ள வியாழன் 'டேர்டீன்', இரண்டு நோன்புகளுக்கு இடைப்பட்ட நாள். பொருளோடு சேர்த்துப் படித்தால் மறக்காது.

படி 9: வானிலை, சாப்பாட்டு மேசை

பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சைத் தொடங்க வானிலையைவிடப் பாதுகாப்பான விஷயம் இந்த நாட்டில் இல்லை. குளிராக இருக்கிறது: தா ஷே ஃபுவர். ஈரமாக இருக்கிறது: தா ஷே ஃப்லுஹ். மழை பெய்கிறது: தா ஷே எக் குர் பாஷ்டீ. வெயில் எட்டிப்பார்த்த அன்று 'தா லா ப்ரா அன்', அருமையான நாள்.

சாப்பாட்டில் அரான் ரொட்டி, இம் வெண்ணெய், பன்யெ பால், ஈஸ்க் மீன், ப்ராத்தீ உருளைக்கிழங்கு, இஷ்கெ தண்ணீர். உயிர்த்தண்ணீர் என்று பொருள்படும் 'இஷ்கெ பாஹா'வின் முன்பாதிதான் ஆங்கிலத்துக்குப் போய் விஸ்கி ஆனது. வீட்டுப் பொருள்களின் மேல் சீட்டு எழுதி ஒட்டிவைப்பது பழைய முறை என்றாலும் இன்றும் பலன் தருகிறது. குளிர்பதனப் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பன்யெ கண்ணில் படட்டும்.

படி 10: வாய் திறந்து பேச இடம் தேடுங்கள்

'ராடியோ ந கேல்தக்தா' வானொலி 1972 முதல் ஒலிபரப்பாகிறது. இணையத்தில் எங்கிருந்தும் கேட்கலாம். முதலில் வானிலை அறிக்கையைக் கேளுங்கள், சொற்கள் திரும்பத் திரும்ப வரும். 1996இல் தொடங்கிய டி.ஜி. 4 தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சிகளும் ஆங்கில வசன வரிகளோடு கூடிய நாடகங்களும் உண்டு. ட்யூவோலிங்கோ செயலி சொற்களைப் பழக்க உதவும், ஆனால் அதை மட்டும் நம்பினால் பேச்சு வராது. எழுதிய வாக்கியத்தை வாசித்துக் காட்ட டிரினிட்டி கல்லூரியின் 'அபர்' தளம் இருக்கிறது.

வகுப்புகளுக்கு 1893இல் தொடங்கிய 'கொன்ரா ந கேல்கெ' அமைப்பை அணுகலாம். அதை நிறுவியவர்களில் ஒருவரான டக்ளஸ் ஹைட்தான் 1938இல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார். கோடை விடுமுறையில் ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால், டொனிகாலின் க்லன் கொலம் கில்லெ ஊரில் 'இஜஸ் கேல்' நடத்தும் பெரியவர்களுக்கான வகுப்புக்குப் போங்கள். மாலையில் கடையிலும் நடைபாதையிலும் அதே மொழி காதில் விழும்போது காலையில் படித்தது நிற்கும். மார்ச் 1 முதல் 17 வரை நாடெங்கும் 'ஷக்தன் ந கேல்கெ' என்ற மொழி விழா நடக்கும். தொடக்கநிலைக்காரர்களுக்குக் கூச்சமின்றிப் பேச அதைவிட நல்ல வாய்ப்பு வராது. சட்டையில் சிறு வட்ட வளையம் குத்தியிருப்பவரைப் பார்த்தால் அது 'ஃபான்யெ'. ஐரிஷில் பேச நான் தயார் என்பதன் அடையாளம். அவரிடம் தயங்காமல் டியா க்விச் சொல்லலாம்.

நீங்கள் தடுமாறினால் எதிரில் இருப்பவர் அன்பு மிகுதியால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். பேச்சை ஐரிஷிலேயே நிறுத்திவைக்கச் சில வாக்கியங்கள் கையில் இருக்க வேண்டும்:

நான் ஐரிஷ் படித்துக்கொண்டிருக்கிறேன்: தா மே எக் ஃபௌலம் கேல்கெ.
மறுபடி சொல்லுங்கள்: அபர் அரீஷ் ஏ, லெ டு ஹுல்.
இன்னும் மெதுவாக: நீஸ் மொயிலெ.
இதற்கு ஐரிஷில் என்ன?: கேன் கேல்கெ அத்தா எர் ஷோ?

கடைசிக் கேள்வியைப் பொருளைக் கையில் பிடித்தபடி கேளுங்கள். கேட்கப்பட்டவருக்கே சொல் மறந்துபோயிருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார், அவர் இன்னொருவரைக் கேட்பார், மேசை முழுவதும் ஐரிஷுக்கு மாறிவிடும். 'இஸ் ஃபார் கேல்கெ வ்ரிஷ்டெ நா பேர்லா க்லிஷ்டெ' என்று யாராவது ஒருவர் அப்போது கட்டாயம் சொல்வார். சாமர்த்தியமான ஆங்கிலத்தைவிட உடைந்த ஐரிஷ் மேல் என்ற பழமொழி அது.

இந்த அளவு வந்த பிறகு எங்கே நிற்கிறோம் என்று அளந்து பார்க்க விரும்பினால் மேனூத் பல்கலைக்கழகம் நடத்தும் 'டெக்' தேர்வு இருக்கிறது. அதன் முதல் நிலையான ஏ1, இங்கே சொன்ன அன்றாடப் பேச்சை ஒட்டியே இருக்கும். பேச்சு, கேட்டல், வாசிப்பு, எழுத்து நான்கையும் சோதிப்பார்கள். பேச்சுப் பகுதிக்கு உங்களைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் வேலையைப் பற்றியும் ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வாக்கியம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பகுதியில் ஃபாடாவை விட்டுவிடாதீர்கள்.